கேஸ் ஷீட்டை நோயாளியின் கையில் கொடுங்கள்

நம் ஊர்களில் நர்சிங் ஹோம் நடத்தும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற அரசு செவிலியர். 31 ஆண்டு சர்வீஸில் பாதிக்கு மேல் டெல்டா மாவட்டத்து ஜி.ஹெச். ஒன்றின் அவசரப் பிரிவில் நின்றிருக்கிறேன். நீங்கள் ராத்திரியில் ரெஃபர் செய்து அனுப்பும் நோயாளிகளை வண்டியிலிருந்து இறக்கி வாங்கியவர்களில் ஒருத்தி. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சம்பா களையெடுப்பு சமயம். ராத்திரி ஒன்றரை மணிக்கு 108 வண்டியில் ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வலது கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. ஈறிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடி விரியன் கடி. கூட வந்த கணவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் பேடில் கிழித்த பாதித் தாள். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஸ்னேக் பைட். ரெஃபர்டு டு ஜி.ஹெச். ஃபார் ஃபர்தர் மேனேஜ்மென்ட்.' தேதி இருந்தது, நேரம் இல்லை. கையெழுத்து இருந்தது, யாருடையது என்று படிக்க முடியவில்லை.

டூட்டி டாக்டர் என்னிடம் அடுத்தடுத்துக் கேட்டார். விஷமுறிவு மருந்து எத்தனை வயல் (மருந்துக் குப்பி) ஏறியிருக்கிறது? எத்தனை மணிக்கு ஆரம்பித்தார்கள்? இரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடச் சோதனை செய்தார்களா? ஒவ்வாமை ஏதும் வந்ததா? நான் கணவரைக் கேட்டேன். "பாட்டில்ல கலந்து ஏத்துனாங்க சிஸ்டர். பாதியில உடம்பெல்லாம் தடிச்சு நடுங்க ஆரம்பிச்சுது. ஒரு ஊசி போட்டாங்க, அப்புறம் ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாங்க" என்றார். அந்த நர்சிங் ஹோமுக்குப் போன் அடித்தோம். வாட்ச்மேன்தான் எடுத்தார். டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார், சிஸ்டர் மாறிவிட்டார், கேஸ் ஷீட் ஆபீஸ் ரூமுக்குள் இருக்கிறது, சாவி காலையில்தான் வரும் என்றார்.

அந்தக் கணவரிடம் இன்னொரு தாளும் இருந்தது. மருந்துக்கடை பில். விஷமுறிவு மருந்து 10 வயல், ஐ.வி. செட், சிரிஞ்ச், பஞ்சு, கையுறை 6 ஜோடி, எல்லாம் அச்சில், பைசா பிசகாமல். மேலே நேரம்கூட இருந்தது, இரவு 9.42. அதை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போட்டோம். 10 வயல் வாங்கியிருக்கிறார்கள். பத்தும் ஏறியதா, தடிப்பு வந்ததும் நிறுத்திவிட்டார்களா? முதல் மருந்து ஏறி 6 மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் உறைகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த டோஸை முடிவு செய்ய வேண்டும். அந்த 6 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? நடுங்கியபோது போட்ட ஊசி என்ன? எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். சோதனைக்கு 20 நிமிடம், ஆளைத் தேடிப் போன் அடித்ததில் இன்னொரு 20 நிமிடம்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு நாலு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிவந்தது. சீட்டில் நேரம் எழுதியிருந்தால் சிறுநீரகம் தப்பித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த 40 நிமிடம் அவருடையது. நம் கை எழுதாமல் விட்டதால் போனது. காசு வாங்குவதற்கான தாள் முழுதாக இருந்த இடத்தில், உயிருக்கான தாள் பாதியாகக் கிழிந்து வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எழுதவில்லை. அந்த நர்சிங் ஹோம் செய்த முதலுதவி சரியானது. 10 வயலை உடனே வாங்கி ஏற்றியதால்தான் அந்த அம்மா எங்களிடம் உயிரோடு வந்து சேர்ந்தார். செய்ததை எழுதி அனுப்பவில்லை, அவ்வளவுதான். செய்த நல்ல வேலை எழுதாததால் இல்லாமல் போயிற்று.

ஜி.ஹெச்.சில் மட்டும் எல்லாம் ஒழுங்கா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வார்டில் நோயாளிகள் குவிந்த நாட்களில், டூட்டி முடியும் நேரத்தில் உட்கார்ந்து நாலு மணி நேரத்து பி.பி.யை ஒரே மூச்சில் சார்ட்டில் நிரப்பியவள்தான் நானும். அப்படி நிரப்பிய சார்ட்டை நம்பி ஒரு டாக்டர் மருந்தைக் குறைத்ததைப் பார்த்த பிறகு நிறுத்தினேன். அதனால் இது அரசு, தனியார் என்ற சண்டை கிடையாது. ஆனால் ஜி.ஹெச்.சில் பழைய கேஸ் ஷீட்டுகளுக்கென்று எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு) என்று ஓர் இடமும், கேட்டுப்போக ஒரு ஜன்னலும் இருக்கிறது. 15 படுக்கை, 20 படுக்கை வைத்திருக்கும் உங்கள் இடங்களில் பெரும்பாலும் அது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஓர் இரும்பு அலமாரிதான்.

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். என் அக்கா மகளுக்கு 2017-ல் ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்ததால் எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் அவசர சிசேரியன் செய்தார்கள். நன்றாகச் செய்தார்கள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அந்த நன்றி இன்றும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனைப் பற்றி ஒரே வரி இருந்தது: 'எமர்ஜென்சி சிசேரியன் செய்யப்பட்டது.' 2022-ல் அவள் கோயம்புத்தூரில் இரண்டாவதாக உண்டானாள். அங்கே டாக்டரம்மா முதல் கேள்வியாகக் கேட்டது, "கர்ப்பப்பையில போட்ட வெட்டு குறுக்கயா, நெடுக்கயா?"

அவளுக்கு எப்படித் தெரியும்? வயிற்றில் இருக்கும் தழும்பு தோலில் போட்ட வெட்டைத்தான் காட்டும், உள்ளே கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பதைக் காட்டாது. ஏழாம் மாதத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் சரியாக உருவாகியிராது, குழந்தை வேறு குறுக்கே கிடந்தது; அதனால் நெடுக்காக வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வெட்டியிருந்தால் அடுத்த பிரசவத்தில் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, கர்ப்பப்பை கிழிந்துவிடக்கூடும். இந்த ஒரு விஷயம் எழுதியிருப்பது ஆபரேஷன் நோட்டில்தான். நானே அந்த நர்சிங் ஹோமுக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "அஞ்சு வருஷம் ஆச்சுல்லக்கா, பழசெல்லாம் போட்டாச்சு." ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு ஊரிலிருந்து வந்துபோனவர், அவருக்கும் ஞாபகம் இல்லை.

கோயம்புத்தூர் டாக்டரம்மா ஆபத்தான பக்கத்தையே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 36 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார். குழந்தை மூச்சுத் திணறலோடு 5 நாள் இன்குபேட்டரில் கிடந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது பழைய வெட்டு குறுக்கேதான் இருந்தது. வழக்கமான வெட்டு. இன்னும் மூன்று வாரம் வயிற்றில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை அது. ஒரு வரி எழுதிக் கையில் கொடுத்திருந்தால் இருந்திருக்கும்.

சட்டப்படி அந்த நர்சிங் ஹோம் மேல் குற்றம் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள், உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளியோ அவர் சொல்லி அனுப்பியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கின்றன. கொடுக்க மறுப்பது நடத்தைக் கேடு என்றும் அதே விதிகளில் இருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து மத்திய சுகாதார அமைச்சகம் 2018-ல் வரைவாக வெளியிட்ட நோயாளிகள் உரிமைப் பட்டயம் இன்னும் ஒரு படி மேலே போய், படுக்கையில் இருக்கும்போதே கேட்டாலும் 24 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்கப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 3 ஆண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். அந்த இடைவெளியை விதி பார்க்கவில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், யாரும் கேட்காமலே, கேஸ் ஷீட்டின் முழு நகலை நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புங்கள். சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட், மயக்க மருந்துக் குறிப்பு, மருந்து சார்ட், லேப் ரிப்போர்ட், எல்லாம். ரெஃபர் செய்யும்போதும் அப்படியே. 3 ஆண்டா 10 ஆண்டா என்ற கேள்வியே அப்புறம் உங்களுக்கு இருக்காது. நம் ஜனங்களை நம்பலாம். ரேஷன் கார்டும் பட்டாவும் வைத்திருக்கும் அதே மஞ்சப்பையில் 20 வருடத்து எக்ஸ்ரே ஃபிலிமைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த மாத்திரை என்று தெரியாமல் காலி அட்டையைக் கத்தரித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். கொடுத்தால் காப்பாற்றுவார்கள். நாம்தான் கொடுப்பதில்லை.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். எங்கள் பக்கத்துச் சின்ன டவுனில் ஒரு டாக்டர் இருந்தார், இப்போது இல்லை. 12 படுக்கை. கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. கேஸ் ஷீட்டுக்கு அடியில் கார்பன் தாள் வைத்துத்தான் எழுதுவார். ரெஃபர் செய்தால் அந்தக் கார்பன் நகல் நோயாளியோடு வரும். எங்கள் கேஷுவாலிட்டியில் அவரைக் கார்பன் டாக்டர் என்றே சொல்வோம். மாரடைப்பு என்று அவர் அனுப்பிய ஒருவரின் தாளில், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஏற்றத் தொடங்கிய மணி, முடிந்த மணி, நடுவில் பி.பி. இறங்கியது, அதற்கு என்ன செய்தார் என்பதெல்லாம் நீல எழுத்தில் வரிசையாக இருந்தது. அந்த மருந்தை ஒருமுறை ஏற்றினால் உடம்பில் அதற்கு எதிர்ப்பு உண்டாகிவிடும், பிற்பாடு மறுபடி ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும். ஆகவே அந்த நீல வரிகள் அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மனிதரின் ஆயுசுக்கும் வேண்டியவை. இ.சி.ஜி. தாளோடு அதன் ஜெராக்ஸும் சேர்த்துக் குத்தியிருப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அந்தத் தாள் சூட்டுல எழுதுறதும்மா, ரெண்டு வருஷத்துல வெளுத்துடும்" என்றார். அதற்கப்புறம்தான் நானும் கவனித்தேன், எத்தனை வீடுகளில் வெறும் வெள்ளைத் தாளை இ.சி.ஜி. என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று.

வயதாகி நர்சிங் ஹோமை மூடியபோது மூன்று மாதம் முன்னாலேயே வாசலில் போர்டு வைத்தார்: பழைய சீட்டு வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்கள் வந்து வாங்கிப் போனார்கள். வேறு சில இடங்கள் மூடியபோது அந்தக் கட்டுகள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருத்தியின் கருக்கலைப்பு விவரம் வடை மடிக்கும் தாளாகிறது. இந்த வயதில் அதை நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. நோயாளிக்குத் திறந்திருக்க வேண்டிய தாள் ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கக் கூடாது. கேஸ் ஷீட்டைப் படம் பிடித்து நோயாளியின் போனுக்கு அனுப்புங்கள், நல்லது. பலர் சேர்ந்த வாட்ஸ்அப் குரூப்பில் பெயரோடு போடாதீர்கள்.

ஏன் கொடுக்கத் தயங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பயம். 1995-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு ஒவ்வொரு தாளும் நாளைக்கு வக்கீல் கையில் இருக்கலாம் என்ற பயம். உறவினர்கள் கண்ணாடியை உடைத்து டாக்டரை அடித்த சம்பவங்களும் உண்டு. அதற்காகவே 2008-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. அந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் பதிவேட்டைக் காட்ட முடியாத டாக்டருக்கு எதிராகத்தான் சந்தேகம் போகும். வழக்கு வந்த பிறகு உட்கார்ந்து புதிதாக எழுதிய கேஸ் ஷீட்டை, ஒரே பேனா, ஒரே சாய்வு, ஐந்து நாளுக்கும் ஒரே மை என்று, எங்களைப் போன்ற பழைய கைகளே பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவோம். தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாமல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வையுங்கள். அந்த அடித்தல்தான் உங்களுக்குச் சாட்சி. இன்னொன்றும் சொல்வேன். சண்டைக்கு வரும் உறவினர்களில் பாதிப் பேருக்கு முதல் கோபம் மரணத்தின் மேல் வருவதில்லை, "என்ன செஞ்சோம்னு சொல்லவே மாட்டேங்கிறாங்க" என்பதில் வருகிறது. கேஷுவாலிட்டி வாசலில் நின்று இதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

தாள் ஏன் நிரம்புவதில்லை என்பதும் தெரியும். பன்னிரண்டு மணி நேர டூட்டியில் ஒரே பெண், அவளே ஊசி போட்டு, அவளே பில்லுக்கு எழுதி, அவளே கதவும் திறக்க வேண்டும். பல இடங்களில் அவள் முறையாக நர்சிங் படித்தவளும் இல்லை. வெளியூர் சர்ஜன் காரில் வந்து இறங்கி, ஆபரேஷன் முடித்து, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். மயக்க மருந்து டாக்டர் பையோடு வந்து பையோடு போகிறார். எழுதுவது யார்? இங்கே நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். ஆபரேஷன் நோட் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சர்ஜனின் கார் கிளம்ப வேண்டும் என்று உங்கள் இடத்தில் ஒரு பழக்கம் வைத்தால், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பத்து நிமிடக் கோபம்தான்.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசிப் பகுதியைத் தமிழில் எழுதுங்கள். எந்த மாத்திரை காலை, எது இரவு, எத்தனை நாள், எதைக் கண்டால் உடனே திரும்ப வர வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதை மேலேயே பெரிதாக எழுதுங்கள். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்த 1997-ல் நம் மாநிலம் சட்டம் போட்டது. விதிகள் வந்தது 2018-ல். இப்போது பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது, நல்லது. ஆய்வுக்குப் போகும் உங்கள் அதிகாரிகள் படுக்கைக்கு நடுவே எத்தனை அடி என்று அளப்பதோடு, போன மாதம் டிஸ்சார்ஜ் ஆன ஐந்து பேரின் கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டட்டும். நேரம் இருக்கிறதா, கையெழுத்துக்குப் பக்கத்தில் பெயர் இருக்கிறதா, நகல் கொடுத்ததற்கு நோயாளியின் கையொப்பம் இருக்கிறதா. மாவட்டம் முழுவதற்கும் ஒரே மாதிரியான ஒரு பக்க ரெஃபரல் தாளை அச்சிட்டுக் கொடுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, யாருக்குப் போன் செய்ய வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும். நோயாளியின் மருத்துவ விவரங்களைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் 14 இலக்க ஆபா எண் வந்துவிட்டது, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும் என்கிறார்கள். ஏறட்டும். எழுதாததை எந்தக் கம்ப்யூட்டரும் காட்டாது.

நான் ஓய்வு பெற்று இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கையில் நேரம் இருக்கிறது. உங்களில் யார் கூப்பிட்டாலும், டெல்டா பக்கம் எந்த ஊராக இருந்தாலும், உங்கள் இடத்துப் பெண்களோடு ஒரு பகல் உட்கார்ந்து சார்ட் எழுதச் சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம். பஸ்ஸில் வந்துவிடுவேன். கார்பன் தாள் ஒரு கட்டு நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்